இருபத்திரண்டு கிலோ எதிரொலி

மறுபடியும் திருப்பினாள். நடுக் குமிழின் கோடு கடிகார முள் மாதிரி பத்து மணிக்கு நேராக நின்றது. அதை ஒன்பதே முக்காலுக்குக் கொண்டுவந்தாள். மடியில் இருந்த கிட்டாரில் ஒரு தந்தியைச் சுண்டினாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், உதட்டைப் பிதுக்கினாள், மறுபடியும் பத்துக்கே கொண்டுபோனாள். துணி துவைத்து முடித்த மெஷின் அரை மணி நேரமாகக் குளியலறையில் கூவிக்கொண்டிருந்தது. அது அவள் காதில் விழவே இல்லை. கால் கட்டைவிரலுக்கு முன்னால் தரையில் கிடந்த, சோப்பு டப்பா அளவு உலோகப் பெட்டியில்தான் புத்தி முழுக்க இருந்தது.

"பத்தா, ஒம்பதே முக்காலா?" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

"ரெண்டும் இல்லங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. பிடிபட மாட்டேங்குது."

வாத்தியக் குழுவில் எல்லோரும் அவளைத் திருகி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தாறு வயதுப் பெண்மணியை இப்படிக் கூப்பிடலாமா என்று அவர்கள் யோசித்ததில்லை, அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பெயர் அவ்வளவு பொருத்தம். எந்தக் குமிழையும் அது இருக்கிற இடத்தில் விட்டுவைக்க அவளால் முடியாது. மின்விசிறியின் வேகம், பக்கத்து வீட்டு ரேடியோ, வாடகைக் காரில் ஏறினால் ஓட்டுநரின் பாட்டுச் சத்தம் என்று எல்லாவற்றிலும் கை வைப்பாள். துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுவதைப் பார்த்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்த பிறகுதான் அழுதுகொண்டிருந்தவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் அவளுடைய குமிழை இன்னொருவர் தொடக் கூடாது. டிரம்ஸ்காரர் ஒருமுறை மேடையில் அவளுடைய கிட்டார் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்பில் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கப் போய்ப் புறங்கையில் ஒரு அடி வாங்கினார். முன்வரிசையில் இருந்தவர்கள் அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

வார நாட்களில் அவளுக்குப் பல் வேலை. பிடுங்குகிற வேலை இல்லை, ஒரு கூடத்தில் பல்செட் செய்கிற வேலை. பல் மருத்துவர்களிடமிருந்து வாயின் அச்சு வந்து சேரும். அதைப் பார்த்து ஒருவர் மெழுகில் ஈறு கட்டுவார், ஒருவர் பல் பதிப்பார், கடைசியில் மெருகு போட இவளுடைய சக்கரத்துக்கு வரும். சக்கரம் போடுகிற சத்தத்தை வைத்தே பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் சொல்லுவாள். நிறத்திலும் அப்படித்தான். வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு. பதினாறும் அவளுக்கு வெவ்வேறு. "அறுபது வயசு ஆளுக்கு மாப்பிள்ளைப் பல்ல மாட்டிவிட்டா மனுஷன் சிரிக்கவே பயப்படுவாரு" என்று சொல்லி, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் காட்டுவாள். அவள் மெருகு போட்ட பல்லோடு ஒருவர் இரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் மனைவிக்கே தெரியவில்லை என்று அந்தக் கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று கேட்டால், "பொய்யின்னும் யாரும் வந்து சொல்லலையே" என்பாள்.

சனி, ஞாயிறு வந்தால் கிட்டார். கீபோர்டு, டிரம்ஸ், பாஸ் கிட்டார், இவள். பிறந்தநாள், அலுவலக ஆண்டு விழா, ஓட்டலில் மதியச் சாப்பாட்டு நேரம் என்று எங்கே கூப்பிட்டாலும் நான்கு பேரும் போவார்கள். பாடுவதற்கு ஆள் கிடையாது, வெறும் வாசிப்பு. சாப்பிடுகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே கேட்கிற வாசிப்பு. அதில் அவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற உருப்படி ஒன்றே ஒன்றுதான். இவள் தானே கட்டிய மெட்டு. அதற்குப் பெயர் வைக்கவில்லை. குழுவில் 'மழை' என்பார்கள். எப்போதும் கடைசியில் வாசிப்பது.

அந்த மழைக்கு ஈரம் வேண்டும். கிட்டாரின் ஒலி நேராக ஆம்ப்புக்குப் போனால் வறண்டு கிடக்கும். பெரிய கூடத்தில் வாசித்தால் எப்படி ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் நீண்டு அடங்குமோ, அப்படி அதை நீட்டித் தருவதற்கு ரீவெர்ப் என்று பெயர். அவளிடம் பதினோரு வருஷமாக இருக்கிற ரீவெர்ப் ஒரு மரப்பெட்டி. அவள் பிறப்பதற்கு முன்னால் யாரோ எங்கோ செய்தது. ஒரு கிளப்பின் சாமான் அறையில் பூந்தொட்டிக்கு முட்டாக நின்றதை இவள் கண்டுபிடித்து, தொட்டிக்கு வேறு முக்காலி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு தகரத் தட்டில் முழ நீளத்துக்கு மூன்று ஸ்பிரிங். ஒலி ஒரு முனையில் நுழைந்து, மூன்றையும் நடுங்கவைத்து, மறுமுனையில் சொட்டச் சொட்ட வெளியே வரும். எடை இருபத்திரண்டு கிலோ. குணம் அதைவிடக் கனம். வாசலில் லாரி போனால் உறுமும். டிரம்ஸ்காரர் பலமாக அடித்தால் கூடச் சேர்ந்து முனகும். ஒரு பிறந்தநாள் விழாவில் இருபது குழந்தைகள் மேடையேறிக் குதிக்க, பெட்டி விடாமல் இடி இடிக்க, பிறந்தநாள் குழந்தை ஓடிப்போய் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. கேக்கை அங்கே கொண்டுபோய்த்தான் வெட்டினார்கள்.

பெட்டியைத் தூக்குகிறவர் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுத்தவர்கள் படி ஏறாமல் இருக்கப் பாடுபட்டுவிட்டு, வாரக் கடைசியில் தோளில் பெட்டியோடு தான் படி ஏறுவார். லிஃப்ட் இருந்தாலும் ஏற்ற மாட்டார். "லிஃப்ட் நிக்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஸ்பிரிங்குக்கு ஆகாது" என்பார். சக்கரம் வைத்த தள்ளுவண்டியிலும் ஒருமுறை வைத்துப் பார்த்தார்கள். நடைபாதையின் மேடுபள்ளத்தில் ஒரு ஸ்பிரிங்கின் கொக்கி கழன்றுபோய், அதை அவரே உட்கார்ந்து பற்றவைத்தார். அதோடு தள்ளுவண்டி செடித்தொட்டி வைக்கப் போய்விட்டது.

சங்கீதத்தில் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் ஒன்றும் ஏறாது. "இது நேத்து வாசிச்சதா, இன்னைக்குப் புதுசா?" என்று பதினோரு வருஷமாகக் கேட்கிறார். ஆனால் 'மழை'யில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆம்ப்புக்குப் பின்னால், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கடைசி வரியை இவள் நான்கு முறை வாசிப்பாள். அவர் விரல் விட்டு எண்ணுவார். நான்காவது முடியும்போது கையை மடக்கிப் பெட்டியின் மூடியில் வலது ஓரமாக ஒரு குத்து. உள்ளே மூன்று ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று மோதி, கூடம் முழுக்க இடி உருளும். அப்போதுதான் கரண்டிகள் கீழே போகும். "எங்க வீட்டுல ரெண்டு பேரு வாசிக்கிறோம்" என்று அவர் தன் கூட்டாளிகளிடம் சொல்லுவார். "எனக்கு ஒரே நோட்டுதான். ஆனா தப்பினதே இல்ல."

இப்படி இருந்த வீட்டில்தான் சோப்பு டப்பா நுழைந்தது. கொண்டுவரச் சொன்னவர் கீபோர்டுக்காரர். குழுவிலேயே மூத்தவர், எதையும் ஒருமுறைதான் சொல்லுவார், அதையே பத்து நாளும் சொல்லுவார். "பெட்டிக்கும் வயசாச்சு, நமக்கும் வயசாச்சு. ரீவெர்ப் பெடல் ஒண்ணு வாங்கு. உள்ள இருக்கிறது சின்ன சிப்பு. ஸ்பிரிங் எப்படி நடுங்கும்னு கணக்குப் போட்டு அதே சத்தத்தக் குடுக்குது. கைப்பையில போட்டுட்டு வந்துடலாம்." கடைக்காரரும், பிடிக்காவிட்டால் பதினைந்து நாளில் திருப்பித் தரலாம் என்று கொடுத்துவிட்டார்.

பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருக்கவே கூடாது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பெடல், மாலையில் பெட்டி, மறுநாள் மாற்றி. பெடல் நன்றாக இருந்தால் சந்தேகம் வந்தது, நன்றாக இல்லாவிட்டால் நிம்மதி வந்தது. கழிவறையில் உட்கார்ந்து போனில் முன்பின் தெரியாதவர்களின் சண்டைகளைப் படித்தாள். ஸ்பிரிங்தான் உயிர் என்று ஒருவர் எழுதியிருப்பார். கண்ணைக் கட்டினால் உன்னால் சொல்ல முடியாது என்று அடுத்தவர் எழுதியிருப்பார். இரண்டு பேருக்கும் சரி என்று போட்டாள். மெருகுச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தும் இதே புலம்பல்தான்.

மெழுகில் ஈறு கட்டுகிறவரைப் பல் கூடத்தில் மெழுகண்ணன் என்பார்கள். பன்னிரண்டாவது நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "நாள் பூரா பொய்ப்பல்லு செஞ்சு ஊருக்கு மாட்டி விடுறே. ஒரு பொய் ஸ்பிரிங்க நீ மாட்டிக்க மாட்டியா?"

"அது வேறண்ணே. பல்லு இல்லாதவங்களுக்குப் பல்லு குடுக்கிறோம். எனக்கு ஸ்பிரிங் இருக்கே."

"இருக்கிறது ஆடுதா, இல்லையா?"

"ஆடத்தான் செய்யும். ஸ்பிரிங்குன்னா ஆடணும்."

"உன்கிட்ட வாய் குடுத்தது என் தப்பு" என்று அவர் மெழுகை உருக்கப் போய்விட்டார். ஆனால் கண்ணைக் கட்டிப் பார்ப்பது என்ற யோசனை அவள் மண்டையில் ஏறிவிட்டது.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு கூடத்தின் குறுக்கே கொடி கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாள். போர்வைக்கு அந்தப் பக்கம் ஆம்ப், பெடல், பெட்டி, வீட்டுக்காரர். இந்தப் பக்கம் கிட்டாரோடு இவள், சுவரைப் பார்த்தபடி. ஒலியைப் பெட்டி வழியாக அனுப்புவதா, பெடல் வழியாக அனுப்புவதா என்று மாற்ற ஒரு மிதிகட்டை. எது ஒன்று, எது இரண்டு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். "பெட்டிய நீங்களே தூக்கிட்டு வந்து வைங்க. நான் பாக்க மாட்டேன். பாத்தா நெனப்பு அது பக்கமே போயிடும்" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெருமூச்சு. பிறகு இன்னும் கொஞ்சம் இழுக்கிற சத்தம்.

"ஒண்ணு" என்றார் அவர். வாசித்தாள். "ரெண்டு" என்றார். அதையே வாசித்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனாள். ஒன்று, உயிர் இருக்கிறது. இரண்டு, தகரம். ஒன்று, அடங்குவது அழகு. இரண்டு, அவசரப்படுகிறது. பதினைந்து சுற்று ஆனது. நடுவில் அவளுக்கு உற்சாகம் பிடித்து, கிட்டாரை வைத்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"இதுல என்னங்க சந்தேகம்? ஒண்ணுல தண்ணி இருக்கு. ரெண்டுல தண்ணியோட படம் இருக்கு. பச்சப்புள்ள கூடச் சொல்லிடும்."

போர்வைக்குப் பின்னாலிருந்து, "ம்" என்று வந்தது.

"ஒண்ணுதான் பெட்டி. எங்க, ஒண்ணுல வச்சு மேல ஒரு குத்துக் குத்துங்க."

போர்வைக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"என்னங்க?"

'டொக்' என்று ஒரு சத்தம். மரத்தில் தட்டின சத்தம். இடி வரவில்லை.

"இன்னொரு தரம்."

மறுபடியும் 'டொக்'. அவள் எழுந்து போர்வையைத் தூக்கினாள்.

அவர் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆம்ப், தரையில் பெடல், மிதிகட்டை. மிதிகட்டையின் இரண்டு வழியும் பெடலுக்கே போயிருந்தது. பெட்டி படுக்கையறை மூலையில், மடித்த கம்பளிகள் மேலே அடுக்கியபடி, வைத்த இடத்திலேயே இருந்தது. இழுத்ததும் நாற்காலியை, தட்டினதும் அதையேதான். இரண்டு முறை இழுத்திருக்கிறார்.

முதலில் அவளுக்கு மானம் போனது. காலண்டர் தாளை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஒரே பெடலை உயிர் என்றும் தகரம் என்றும் பதினைந்து முறை எழுதியாகிவிட்டது. பல் கூடத்துக்குத் தெரிந்தால் அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சு ஓடும். "என்ன வெளையாட்டு இது?" என்று கத்தினாள்.

"தூக்க முடியலம்மா" என்றார் அவர், ஒயரைப் பார்த்துக்கொண்டு.

சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். இடுப்பைச் சுற்றி நாலு விரல் அகலப் பெல்ட் இருந்தது. முதுகெலும்பில் ஒரு தட்டு விலகி நாலு மாதம் ஆகிறது. ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று எழுதிய டாக்டர் சீட்டு அவருடைய ஸ்பேனர் பைக்குள் எண்ணெய்க் கறையோடு மடங்கிக் கிடந்தது. இந்த நாலு மாதத்தில் எட்டு நிகழ்ச்சி. எட்டிலும் பெட்டி படியேறிப் படியிறங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் படிக்கட்டில், "செருப்பு வாரு கழண்டுடுச்சு, நீ முன்னால போ" என்று அவர் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. புதுச் செருப்பு வாங்கச் சொல்லி இவள் திட்டியதும் ஞாபகம் வந்தது. அவளுக்கு அவர்மேல் பாவம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதற்குள்ளே தன்மேலேயே அதைவிடப் பெரிய எரிச்சல். பதினாறு வெள்ளையைப் பிரித்துச் சொல்லுகிற கண்ணுக்கு, பின்னால் படியேறி வந்தவர் முகம் தெரியவில்லையே என்று இருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா பெட்டிய விட்டுடுவே."

"விட்டா என்ன?"

அவர் இடுப்பில் கை கொடுத்து எழுந்தார். போர்வையை எடுத்து மடித்தார், கொடியை அவிழ்த்தார். எதுவும் நடக்காதது மாதிரி, "பெடலே இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு. நீயே எழுதியிருக்கியே" என்றார். பிறகு, "அப்ப நாளைக்கு நான் வரல. நாலாவது தெருவுல ஒரு லிஃப்ட்டுக் கதவு சரியா சாத்த மாட்டேங்குதாம். பாத்துட்டு வந்துடறேன்."

"ஞாயித்துக்கிழமையா?"

"லிஃப்ட்டுக்கு ஞாயிறு ஏது?"

அவள் உட்காரவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். மின்விசிறியைக் கூட்டினாள், குறைத்தாள். பதின்மூன்று நாளாக எந்தச் சத்தம் என்று அலைந்தவளுக்கு இப்போது சத்தத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. பெட்டியை வைத்துக்கொண்டால் இவர் முதுகு போகும். பெட்டியை விட்டால் இவர் வருவது நிற்கும். கூலிக்கு இரண்டு ஆள் வைத்துத் தூக்கலாம்தான். தன் பெட்டியோடு வேறு யாரோ படியேறுவதை இவர் கீழே நின்று பார்க்க மாட்டார், வேறு ஒரு லிஃப்ட்டுக் கதவைத் தேடிக்கொண்டு போவார். பதினோரு வருஷத்தில் அந்த முக்காலி காலியாக இருந்து அவள் ஒரு நாளும் வாசித்ததில்லை. அதை நினைத்தபோது ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தியே விட்டாள். அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு பழக்கம் விட்டுப்போய்விடுகிறது.

ஞாயிறு காலை, "நீங்க வந்தே ஆகணும்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா வர்றதுக்கு நான் என்ன விருந்தாளியா?"

அவள் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. கீபோர்டுக்காரர் இரண்டு முறை போன் செய்தார். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வந்தவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆம்ப் டிரம்ஸ்காரரின் வண்டியில் முன்னாலேயே போயிருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும், "அந்தப் பையையாவது குடு" என்று அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டார். உள்ளே கைக்குட்டைக்கும் சீப்புக்கும் நடுவில் பெடல் கிடந்தது. பையின் அடியில் ஒரு கை கொடுத்து, குலுங்காமல் கொண்டுவந்தார்.

மூன்றாவது மாடி மண்டபம். ஒரு அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு மதிய விருந்து. லிஃப்ட்டிலேயே ஏறினார்கள். மேடை வரைக்கும் வந்து பையைக் கொடுத்துவிட்டு, அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் தண்ணீர் கேன் பக்கம் போய் நின்றுகொண்டார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டார், எடுத்தார், கட்டிக்கொண்டார், கேனின் குழாய் சொட்டுவதைப் பார்த்து அதை இறுக்கினார். அவள் மேடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

பெடல் நன்றாகத்தான் இருந்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. கரண்டிச் சத்தமும் பேச்சும் எப்போதும்போலக் கேட்டன. அவள்தான் ஒரு நிமிடம் நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் குனிந்து குமிழைத் திருப்பினாள், நிமிர்ந்தாள், திருப்தியில்லாமல் மறுபடி குனிந்தாள். நான்காவது உருப்படியில் குனிந்தவள் நிமிர்வதற்குள் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. இரண்டு வரி தாமதமாகத்தான் உள்ளே நுழைந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படித் தவறியதில்லை.

"நீ குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள அந்த மனுஷன் ரிட்டயர் ஆகி வீட்டுக்கே போயிடுவாரு" என்று கீபோர்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு கொஞ்சம் இரங்கி, "அடுத்தது மழைதானே? இடிக்குக் கவலப்படாத. என்கிட்ட நாலு தினுசு இடி இருக்கு. ஒரு பட்டன்தான்" என்றார்.

"வேணாங்க."

"அப்ப இடி இல்லாமலா?"

அவள் குனிந்து, பெடலை ஒயர்களோடு சேர்த்துத் தூக்கினாள். ஆம்ப்புக்குப் பின்னால் கொண்டுபோய், கிடந்த நாற்காலி ஒன்றைக் காலால் இழுத்து, அதற்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். ஏதோ பழுது என்று நினைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்தபடியே அவர் வேகமாக வந்தார்.

"எங்க லூசு? ஒயரா?"

"ஒண்ணும் லூசு இல்ல. உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"மழையில கடைசி நோட்டு தெரியும்ல? நாலாவது தரம். அத வாசிச்சு நிறுத்தும்போது இந்த வலது குமிழத் திருப்புங்க. சத்தம் அடங்காம நீண்டுக்கிட்டே போகும்."

"இடியா?"

"இடி இல்ல. வேற ஒண்ணு. அப்புறம் மெதுவா எறக்கணும்."

"நீயே திருப்பிக்க வேண்டியதுதானே."

"எனக்கு ரெண்டு கைதாங்க. ரெண்டும் அப்ப கிட்டார்ல இருக்கும்."

அவர் டெஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூன்று குமிழ்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். லிஃப்ட்டின் மோட்டாரைப் பார்க்கிற பார்வை.

"எவ்வளவு திருப்பணும்?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல நினைத்ததை விழுங்கிக்கொண்டாள். "உங்களுக்கு எவ்வளவு தோணுதோ, அவ்வளவு."

"தப்பாயிடும்மா."

"ஆகட்டும்."

அவருடைய வலது கையை எடுத்து, ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் குமிழின் மேல் வைத்தாள். கீபோர்டுக்காரர் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கிட்டாரின் பட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆம்ப்பைத் தாண்டி, டிரம்ஸைத் தாண்டி, ஒயர் நீளுகிற மட்டும் நடந்து, மேடையின் முன்விளிம்பில் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.